குசினி அலுமாரியில் பதினொரு துவக்கு

அந்தப் பள்ளிக்கூடத்துக் குசினியில் எனக்கென்று ஒரு அலுமாரி இருந்தது. கதவு சரியாகச் சாத்தாது. முழங்காலால் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்ப வேண்டும். உள்ளே என் ஏப்ரன் இரண்டு, வேலைக்குப் போடும் சப்பாத்து, பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தேத்தண்ணிச் சாமான்கள்: பெரிய கேத்தில், கோப்பைகள், சீனிப் போத்தல். கிழமை நாட்களில் நான் அங்கே பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறினேன். சனிக்கிழமைகளில் அதே மண்டபத்தில் எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் முழுக்க மண்டபம் தேடி அலைந்த காலத்தில், ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான். கேட்டேன் என்றால், தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கடிதத்தை அவருடைய மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

ஸ்கொட்லாந்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அது நடந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனி மாதம். ஒருவன் கைத்துவக்குகளோடு உடற்பயிற்சி மண்டபத்துக்குள் போய், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் ரீச்சரையும் சுட்டுக் கொன்றான். எங்கள் குசினியில் ரேடியோ எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். அன்று பாட்டு நின்று ஒரு ஆள் பேசினார். குக், கிழக்கு லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பெரிய உடம்புக்கார மனுசி, கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேடியோ சொன்னதில் எனக்குப் பாதி விளங்கவில்லை. ஸ்கூல், கன், சில்ட்ரன் என்ற மூன்று சொல்லும் விளங்கின. அது போதுமாயிருந்தது. அன்று சாப்பாட்டுக்கு வரிசையில் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நான் கஸ்ரட் ஒரு கரண்டி கூட ஊற்றினேன். அந்த வரிசையில் என் கடைசி மகளும் நின்றாள். பிந்திப் பிறந்தவள், ஆறு வயது. “அம்மா, ஏன் இண்டைக்கு எல்லாருக்கும் நிறைய?” என்று கேட்டாள். “சும்மா சாப்பிடு” என்றேன்.

வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாப் பிள்ளைகளையும் மண்டபத்தில் இருத்தி, கண்ணை மூடச் சொன்னார். நான் சாப்பாடு கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் கையில் ஈரத் துணியோடு நின்றேன். அவ்வளவு பிள்ளைகள் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு தொலைக்காட்சியில் ஒரே வாக்குவாதம். விளையாட்டுக்குச் சுடுகிற கழகக்காரர் வந்து, பிழை துவக்கில் இல்லை, பிடிக்கிற ஆளில்தான் என்றார்கள். சில அரசியல்வாதிகளும் அதையே சொன்னார்கள். நான் வீட்டில் செற்றியில் குந்தியிருந்து உடுப்பு மடித்துக்கொண்டே அவர்களோடு வாய்க்குள் சண்டை பிடித்தேன். ஆளில்தான் பிழை என்றால் அந்த ஆள் வெறுங்கையோடு அந்த மண்டபத்துக்குள் வந்திருக்கட்டுமே! இரண்டு ரீச்சர்மார் சேர்ந்து பிடித்துக் கதிரையில் இருத்தியிருப்பார்கள். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கே விளங்குகிறதே.

ஆனால் வாய்க்குள் பேசியது வாய்க்குள்ளேயே இருந்தது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து போனபோது பள்ளிக்கூட வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். கைத்துவக்குகளை ஒருவரும் வைத்திருக்கக் கூடாதென்று அரசாங்கத்துக்கு அனுப்ப, தாய்மார் கையெழுத்து வாங்கினார்கள். பெயர், விலாசம், கையெழுத்து. எங்கள் குக் அரை நேரம் அந்த மேசையில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் பேனையை நீட்டினார். “வா லவ், உன் பெயரையும் போடு.” எல்லோரும் அவருக்கு லவ்தான்.

நான் பேனையைப் பிடித்தேன், எழுதவில்லை. எங்கள் அகதிக் கேஸ் அப்போது ஹோம் ஒபிஸில் நாலு வருடமாகக் கிடந்தது. லோயர் சொன்னது ஒன்றுதான், தன்னிடம் காட்டாமல் ஒரு கடதாசியிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். வீட்டில் என் மனுசன், இவரும், அதைப் பத்துத் தரம் சொல்லியிருந்தார். ஊரிலும் அப்படித்தான். பட்டியலில் பெயர் இருந்தால் ஒரு நாள் யாராவது அந்தப் பட்டியலோடு வாசலுக்கு வருவார்கள். ஆமிக்காரனும் வரலாம், மற்றவர்களும் வரலாம். இதையெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

“ஹஸ்பண்ட்” என்றேன். “ஹஸ்பண்டைக் கேட்கவேணும்.”

குக் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் சொல்லிக்காட்ட முடியும். கோபம் இல்லை, இரக்கம். அதுதான் என்னை இன்னும் சுட்டது.

அந்த வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழா ஆனி மாதத்தில் வந்தது. எங்கள் கலைவிழாக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரவேற்பு நடனம் இருக்கும், திருக்குறள் மனனம் இருக்கும், கடைசியில் எழுச்சி நடனம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இயக்கத்துப் போராளிகள் மாதிரிப் பச்சை வரி உடுப்புப் போட்டு, மரத் துவக்குத் தூக்கி, இயக்கப் பாட்டுக்கு ஆடுவார்கள். சனம் விசிலடிக்கும், அழும். நானும் முந்தி அழுதிருக்கிறேன். அந்த வருடம் அதில் பதினொரு பிள்ளைகள். என் மகள் முன் வரிசை நடு ஆள்.

துவக்குகளைச் செய்தது இவர். பெற்றோல் நிலையத்தில் வேலை முடிந்து வந்து, பின் வளவில் இருந்து பலகை அறுத்தார். குழலுக்கு மின்சார வயர் இழுக்கிற பிளாஸ்டிக் குழாய். தோளில் கொழுவ, என் பழைய கைப்பைகளின் வார். மேலே கறுத்தப் பெயின்ற். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் உண்மையானதென்றுதான் நினைக்க வேண்டும். அவ்வளவு கைவேலை மனுசனிடம் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“இஞ்சாருங்கோ, இதை அந்த ஹோலுக்குள்ள கொண்டு போக வேண்டாம்” என்றேன்.

“ஏனப்பா?”

“பிள்ளையள் கண்ணை மூடிக் கும்பிட்ட இடம். அவையின்ர ஸ்கூல். நினைச்சுப் பாருங்கோ.”

“அது ஒரு விசரன் செய்த வேலை. இது விடுதலை. அது வேற, இது வேற.”

“துவக்குத் துவக்குத்தானே.”

“உமக்கு அரசியல் விளங்காது. விளங்காத விசயத்தைக் கதையாதையும்.”

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். எங்கள் அண்ணையின் மகன் பள்ளிக்கூடம் போகிறேன் என்று வெளிக்கிட்டவன் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் பள்ளிக்கூட மதிலோடு சாத்தியபடி நின்றது, கரியரில் புத்தகங்கள் கட்டினபடி. அவன் இயக்கத்துக்குப் போய் ஒன்றரை வருடத்தில் படம் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதே பள்ளிக்கூடத்துக்கு மேல் அரசாங்கம் குண்டும் போட்டது. யார் சரி, யார் பிழை, யார் முதல் தொடங்கினது என்று மேடையில் நின்று பேச எனக்குத் தெரியாது. பேசுகிறவர்கள் பேசட்டும். பள்ளிக்கூடத்துக்குள் துவக்கு வரக்கூடாது, பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கக்கூடாது. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அதைக்கூட அன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் நினைத்தேன்.

துவக்குகளோடு முதல் ஒத்திகை நடந்த சனிக்கிழமை, தேத்தண்ணி கொடுக்கும்போது துணிந்து தலைவரிடம் சொன்னேன். அவர் ஊரில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர், இங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். எப்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். பக்கத்தில் இன்னும் நாலு ஆண்கள்.

“அண்ணை, இந்த முறை துவக்கு இல்லாமல் ஆடினால் என்ன?”

“என்ன தங்கச்சி, துவக்கு இல்லாமல் போராட்டமோ? அகப்பையோட போகச் சொல்லுறீரோ?”

நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர், “அக்கா குசினியில நிண்டு நிண்டு அகப்பைப் படை துவங்கப் போறா” என்றார். தலைவர் கோப்பையை நீட்டி, “சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடும்” என்றார். போட்டேன்.

அதன் பிறகு அவரே சொன்னார். “ஒவ்வொரு சனியும் காவிக்கொண்டு திரிய ஏலாது. உம்மட அலுமாரியில வையும். திறப்பு உம்மட்டத்தானே?”

நான் இல்லை என்று சொல்லவில்லை. எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. ஒரு பழைய கட்டில் விரிப்பில் பதினொன்றையும் சுற்றி, கேத்திலுக்குப் பின்னால் நிறுத்தி, முழங்காலால் கதவை இடித்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை காலை குசினியில் சுடுதண்ணி பொயிலர் பழுது. நான் பத்து மணிக்குத்தான் வேலைக்குப் போவேன். குக் எட்டு மணிக்கே வந்தவர், பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு எங்கள் பெரிய கேத்தில் ஞாபகம் வந்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டித் திறக்கிற கேர்ரேக்கரின் கொத்திலிருந்த இன்னொரு திறப்பால் என் அலுமாரியைத் திறந்திருக்கிறார். விரிப்பு அவிழ்ந்து கறுத்தக் குழல்கள் அவருடைய காலடியில் வந்து விழுந்தன.

நான் போனபோது குக் கதிரையில் இருந்தார். முகம் மாவைப் போல. ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு துவக்கைக் கையில் வைத்து, பிளாஸ்டிக் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மரம் என்று தெரியும் வரை பிள்ளைகள் ஒருவரையும் வகுப்பை விட்டு வெளியே விடவில்லையாம். என் மகளும் எங்கேயோ ஒரு அறைக்குள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள், அப்பா செய்த துவக்குக்குப் பயந்து.

“டான்ஸ்” என்றேன். “தமிழ் ஸ்கூல். சில்ட்ரன் டான்ஸ்.”

“சின்னப் பிள்ளைகளா? இதோடா?” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்.

தலையாட்டினேன். அப்போது குக் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “அதனால்தானா நீ கையெழுத்து வைக்கவில்லை?”

இல்லை, இல்லை, இல்லை. அது வேறு காரணம். நான் உங்கள் பக்கம், உங்களைவிடக் கூட உங்கள் பக்கம். தமிழில் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் “நோ” மட்டும் வந்தது. அதுவும் குழந்தைப்பிள்ளை கையும் களவுமாகப் பிடிபட்டுச் சொல்கிற நோ மாதிரி வந்தது.

அன்று பின்னேரம் தலைவர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸின் அறையில் என்னையும் நிற்கச் சொன்னார்கள். அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், மடம், மடம் என்று வழுகிக்கொண்டு போனது. கலாசார நிகழ்ச்சி என்றார். சின்னத் தவறு என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, இந்த அம்மா தெரியாத்தனமாக அலுமாரியில் வைத்துவிட்டார், எங்களுக்கும் கவலை என்றார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். நான் மாம்பழப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண்டபத்தைத் தருகிறேன், ஆனால் துவக்கும் துவக்கு மாதிரி ஒன்றும் இந்தக் கட்டிடத்துக்குள் வரக்கூடாது என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். “ஒஃப் கோர்ஸ் மடம்” என்றார் தலைவர். விழாவுக்கு அவரையே பிரதம விருந்தினராகவும் அழைத்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், “தங்கச்சி, இனிமேல் கவனமாய் இரும். ஹோல் போயிருக்கும்” என்றார்.

“நீங்கள்தானே அண்ணை வைக்கச் சொன்னனீங்கள்?”

“வைக்கச் சொன்னன். விழுகிற மாதிரி வைக்கச் சொன்னனானோ?”

வீட்டில் இவர் பதினொன்றையும் பின் வளவு ஷெட்டுக்குள் போட்டுவிட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. மகள்தான் அதிகம் அழுதாள். “என்ர துவக்கு எங்க? என்ர துவக்கைத் தாங்கோ! அம்மாவாலதான்!” என்று காலை உதைத்தாள். பங்குனியில் அந்த வெள்ளிக்கிழமை கண்ணை மூடி ஸ்கொட்லாந்துப் பிள்ளைகளுக்காகக் கும்பிட்டவள். அவளில் பிழையே இல்லை. ஒரே மண்டபத்தில் ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

நான் நினைத்தேன், துவக்குப் போய்விட்டது, அவமானம் என்னோடு போகட்டும், கேட்டது கிடைத்ததுதானே என்று. விழாவன்று ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, முன் வரிசையில் இருத்தினார்கள். தலைவர் வலப் பக்கம். பெண் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தெரிந்த முகமாக இருக்கட்டும் என்று இடப் பக்கத்தில் என்னை இருத்திவிட்டார்கள். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு இருந்தேன். மனுசி பாவம், எல்லா நிகழ்ச்சிக்கும் கை தட்டினார்.

கடைசி நிகழ்ச்சி. பதினொரு பிள்ளைகளும் வரி உடுப்போடு வந்தார்கள். கையில் ஒன்றும் இல்லை. பாட்டுத் தொடங்கியது. இடக் கை முன்னால் நீண்டு மேல்நோக்கி வளைந்தது, வலக் கை இடுப்போடு மடங்கி ஒரு விரல் தனியாக நின்றது. ஒரு அடியும் மாற்றவில்லை. இவர் செய்த துவக்கின் நீளம் அப்படியே அந்த இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் முழங்காலில் இருந்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார்கள். சனம் விசிலடித்தது. முன்னைவிடக் கூட அடித்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்த முகத்தோடு தலையைச் சாய்த்துத் தலைவரிடம் கேட்டார், பிள்ளைகள் என்ன வைத்திருப்பதாகச் செய்து காட்டுகிறார்கள் என்று.

“புல்லாங்குழல் மடம்” என்றார் தலைவர். “கிருஷ்ணர்.”

மனுசி நம்பினார். வரி உடுப்போடு கிருஷ்ணர்! இருந்தும் சந்தேகம் போலும், என் பக்கம் திரும்பி, “அப்படியா? அழகு” என்றார். தலைவர் அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டினார். மேடையில் என் மகள் என்னைக் கண்டுவிட்டாள். குறியை என் பக்கம் திருப்பி, முன் பல் இல்லாத வாயால் சிரித்தாள்.

“கன், மிஸ்” என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. பாட்டுச் சத்தம். இன்னொரு தரம் சொன்னேன். கையையும் காட்டினேன், பிள்ளைகள் பிடித்த மாதிரியே. “கன்.”

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். பாட்டு முடியும் வரை எழும்பவில்லை.

விடுமுறைக்குப் பிறகு மண்டபம் இல்லையென்று ஒரு கடிதம் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு சேர்ச் மண்டபத்துக்குப் போனது. அங்கேயும் அடுத்த வருடம் வேறு ஆட்கள் புதிதாகச் செய்த துவக்கோடு ஆடினார்கள். என்னைக் கேட்க ஒருவரும் இல்லை. கோயிலில், கடையில், “இவதான் ஹோலைப் பறிகொடுத்தவ” என்று என் காதுபடவே சொன்னார்கள். இவர் கேட்டது ஒன்றுதான். “உமக்கு வாய் திறக்க அந்த நேரம்தான் கிடைச்சுதோ?” அது நியாயமான கேள்வி. இவர் முன்னாலும் திறந்தேன், தலைவர் முன்னாலும் திறந்தேன், சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் பள்ளிக்கூடங்களில் விழுந்த குண்டைப் பற்றி, அந்தச் சைக்கிளைப் பற்றி அவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கு எந்த வாசலிலும் ஒரு மேசை போடவில்லை. அந்த ஆத்திரமும் எனக்கு உண்டு. இரண்டு பக்கத்துக்கும் என் வாயில் பேச்சு இருந்தது, சொல்லி முடித்தது ஒரு சொல்.

விழா முடிந்த திங்கட்கிழமை நான் நேரே குக்கிடம் போனேன். லோயரையும் கேட்கவில்லை, இவரையும் கேட்கவில்லை. காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டி, “பேப்பர், நான் சைன்” என்றேன்.

அவர், “எப்பவோ அனுப்பியாச்சு லவ்” என்றார். பிறகு ஒரு கத்தியை என் பக்கம் தள்ளி, பக்கத்துக் கதிரையைக் காலால் இழுத்து விட்டார். இருவரும் உருளைக்கிழங்கு சீவினோம்.

அடுத்த வருடம் அந்தச் சட்டம் வந்தது. கைத்துவக்குகளைப் பொலிஸ் நிலையங்களில் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் அதே செற்றியில் இருந்து உடுப்பு மடித்தேன். எங்கள் பதினொன்றும் அப்போதும் ஷெட்டுக்குள்தான் கிடந்தன, என் கைப்பை வார்களோடு.